டீசலில் என்ன கலக்கிறீர்கள் என்று பெட்ரோல் பங்கில் எழுதி வையுங்கள்

மத்திய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்கும் அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நாமக்கல்லில் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறவன் நான். லாரி, டேங்கர், போர்வெல் ரிக் என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பே டீசலில் ஓடுகிறது. டீசலில் நீங்கள் எதைக் கலந்தாலும் அதன் நல்லதும் கெட்டதும் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல், அதாவது தாவர எண்ணெய், கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிபொருள், கலக்க வேண்டும் என்கிறது 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. இன்று நாடு முழுவதும் சராசரியாகப் பார்த்தால் கலப்பு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதற்கு முந்தைய 2009ஆம் ஆண்டுக் கொள்கை, 2017க்குள் 20 சதவீதம் என்றது. அதற்கும் முன்னால், திட்டக் குழு அமைத்த வல்லுநர் குழு 2003ல் பயோடீசலுக்கு எண்ணெய் தரும் செடியாகக் காட்டாமணக்கை முன்னிறுத்தியது. அதை நம்பி எங்கள் பக்கத்திலும் விவசாயிகள் நட்டார்கள். தரிசு நிலத்தில் தண்ணீரே இல்லாமல் காய்த்துத் தள்ளும் என்று சொல்லப்பட்ட செடி, தண்ணீர் இல்லாத இடத்தில் பெயருக்குத்தான் காய்த்தது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்த முறை கலக்கத் தொடங்கும் முன்பே சில விஷயங்களை வெளிப்படையாகப் பேசிவிடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயோடீசல் மீது எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஒழுங்காகத் தயாரித்த பயோடீசல் இன்ஜினுக்குள் நன்றாகவே எரியும். சில வகைகளில் டீசலைவிட நன்றாக எரியும். ஆனால் அது வேறு மாதிரி எரியும். அந்த வேறுபாட்டை லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. இதுவரை அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

பட்டறையில் பையன்களுக்குச் சொல்லித்தருகிற மாதிரியே சொல்கிறேன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்தும்போது ஏறும் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. இன்ஜெக்டர் பீய்ச்சிய உடனே தீ பிடித்துவிடாது. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து பற்றிக்கொள்ள மிகச் சிறிய இடைவெளி தேவை, அதிகம் போனால் ஒரு மில்லி விநாடி அளவு. இந்த இடைவெளி நீண்டால் அதற்குள் நிறைய டீசல் உள்ளே சேர்ந்துவிடும். சேர்ந்த அத்தனையும் ஒரேயடியாக எரியும்போது வருவதுதான் காலையில் குளிர்ந்த இன்ஜினில் கேட்கும் அந்த 'டக டக' தட்டல். எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பதைச் சீட்டேன் எண் என்று அளக்கிறார்கள், எண் கூடினால் சீக்கிரம் பற்றும். நம் பிஎஸ்-6 (வண்டிப் புகைக்கான அரசு விதியின் ஆறாம் கட்டம்) டீசலுக்கு அது குறைந்தது 51 இருக்க வேண்டும். பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் 60ஐ ஒட்டி வரும், சோயா எண்ணெயிலிருந்து எடுத்தது 50ஐ ஒட்டி நிற்கும். அதாவது, நல்ல எண்ணெயிலிருந்து எடுத்திருந்தால் பயோடீசல் கலந்த வண்டி சற்று மென்மையாகவே ஓடும்.

அடுத்தது புகை. இன்ஜெக்டர் பீய்ச்சும் தாரையின் நடுப்பகுதியில் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. திரியை ஏற்றிவிட்ட மண்ணெண்ணெய் விளக்கு கண்ணாடியைக் கரியாக்குவது போல, லாரியின் கரும்புகையும் அப்படிக் காற்று போதாத இடத்தில்தான் பிறக்கிறது. பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். அது எரிபொருளின் மூலக்கூறிலேயே இருப்பதால், காற்று எட்டாத அந்த நடுப்பகுதிக்கும் கூடவே போய்விடுகிறது. கரியைப் பெருக்கும் அரோமேட்டிக் சேர்மங்களும் பயோடீசலில் இல்லை. அதனால் புகை குறைகிறது. இது விளம்பரப் பேச்சு இல்லை, அளந்து பார்த்த உண்மை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கனரக இன்ஜின்களில் அதுவரை நடந்திருந்த சோதனைகளைத் தொகுத்து 2002ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சோயா பயோடீசலை 20 சதவீதம் கலந்தபோது புகைத்துகள் சுமார் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைந்திருந்தன. முழுக்கப் பயோடீசலாகவே ஓட்டினால் துகளும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறையப் பாதியாகின்றன. இவ்வளவும் நல்ல செய்தி.

கூடவே இன்னொரு வரியும் அதே அறிக்கையில் இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு 20 சதவீதக் கலவையில் சுமார் 2 சதவீதமும், முழுப் பயோடீசலில் சுமார் 10 சதவீதமும் கூடியது. நம் ஊர்ப் பிரச்சாரத்தில் இந்த வரி மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது. நகரத்துக் காற்றில் ஓசோன் உருவாவதற்கும், மூச்சில் இறங்கும் நுண்துகள் பெருகுவதற்கும் நைட்ரஜன் ஆக்சைடு ஒரு காரணம். இதை மறைத்துவிட்டுப் 'பசுமை எரிபொருள்' என்று போர்டு வைப்பது சரியில்லை.

இது ஏன் கூடுகிறது என்பதில் பட்டறைக்காரனுக்கும் ஒரு பங்கு உண்டு, அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில், அதாவது பம்பே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளும் வகையில், பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடிப்போய்த்தான் நாசிலை (இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனையை) திறக்கிறது. டீசலைவிடப் பயோடீசல் அழுத்தத்துக்குக் குறைவாகச் சுருங்கும். அதனால் அழுத்தம் சட்டென ஏறி அலை சீக்கிரம் போய்ச் சேருகிறது, நாசிலும் கொஞ்சம் முன்கூட்டியே திறக்கிறது. டைமிங்கை, அதாவது எரிபொருள் பீய்ச்சும் நேரத்தை, அட்வான்ஸ் வைத்தால் (முன்தள்ளினால்) என்ன ஆகுமோ அதுவே ஆகும். சிலிண்டருக்குள் சூடு கூடி, நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். எரியும் கரித்துகள்கள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடுகின்றன. கரி குறையும்போது அந்த வழியில் போகும் வெப்பமும் குறைந்து, தீச்சுடர் இன்னும் சூடாகிறது.

பழைய வண்டியில் டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தால் இதைப் பெருமளவு சரிக்கட்டிவிடலாம், மைலேஜில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். எங்கள் கையால் ஆகிற வேலைதான். ஆனால் டேங்கில் இருப்பது 5 சதவீதக் கலவையா, 20 சதவீதக் கலவையா என்றே தெரியாதபோது எதை எவ்வளவு பின்தள்ளுவது? எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் வைத்த புது வகையான காமன் ரயில் வண்டிகளில் நாசிலைக் கம்ப்யூட்டரே திறப்பதால் இந்த அலைச் சிக்கல் இல்லை. பிஎஸ்-6 லாரிகளில் யூரியாக் கரைசல் பீய்ச்சி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆக, ஒரே கலவை பழைய வண்டியில் ஒரு விளைவையும் புது வண்டியில் வேறொரு விளைவையும் தரும்.

நான் மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கு பழைய இன்ஜின்களில் சோயா பயோடீசலை வைத்து எடுத்தது. நம் நாட்டில் பயோடீசல் ஆலைக்குப் போவது பெரும்பாலும் பாம் ஸ்டியரின் (பாமாயிலின் கெட்டியான பகுதி), பொரித்துக் கழித்த சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவை. பாமாயிலும் கொழுப்பும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உள்ள வகை. அவற்றிலிருந்து எடுத்த பயோடீசலில் நைட்ரஜன் ஆக்சைடு உயர்வு குறைவாகவே இருக்கும், சில சோதனைகளில் உயர்வே இருப்பதில்லை. அப்படியென்றால் நம் எண்ணெயை வைத்து, நம் பிஎஸ்-3, பிஎஸ்-4, பிஎஸ்-6 லாரிகளில், நம் வெயிலில் அளந்த கணக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாமே. 2002 டிசம்பர் 31 அன்றே டெல்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீதக் கலவையில் ஓட்டிப் பார்த்த நாடு இது. இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவம் கோப்புகளுக்குள்ளேயே இருந்தால் யாருக்கு என்ன பயன்?

மைலேஜ் பற்றியும் பயமில்லாமல் பேசலாம். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பயோடீசலில் டீசலைவிடச் சுமார் 8 சதவீதம் ஆற்றல் குறைவு. 300 லிட்டர் டேங்க் நிரப்பும் லாரிக்கு 5 சதவீதக் கலவையில் இது ஒரு லிட்டரை ஒட்டிய நஷ்டம். ஓட்டுநரின் கால் பழக்கத்திலேயே அதைவிட அதிக வித்தியாசம் வரும். 20 சதவீதமானால் ஏறக்குறைய 5 லிட்டர். அப்போது வாடகைக் கணக்கில் உறைக்கத் தொடங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது. பெட்ரோலில் எத்தனால் கலந்த கதையைப் பாருங்கள். 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட திட்டத்திலேயே இருந்தது. பங்கில் வரிசையில் நின்றவருக்கு அது போய்ச் சேரவில்லை. 2025ல் மக்களுக்கு வந்த கோபத்தில் பாதி எத்தனால் மேல் வந்தது என்றால், மீதிப் பாதி யாரும் சொல்லவில்லையே என்பதால் வந்தது. டீசலிலும் அது நடக்க வேண்டாம்.

சரி, எரிகிற விஷயம் இவ்வளவுதான். என் பட்டறைக்கு வரும் வண்டிகளை வைத்துப் பார்த்தால், சிக்கல் பெரும்பாலும் எரிவதற்கு முன்பே, டேங்கிலும் ஃபில்டரிலும் பம்பிலும்தான் ஏற்படுகிறது.

பயோடீசல் தாவர எண்ணெயின் பிள்ளை. எண்ணெயோடு மெத்தனாலும் ஒரு காரமும் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்தால் பயோடீசல். எண்ணெய் காறிப்போகிற மாதிரி இதுவும் காறும். காற்றும் வெயிலும் பட்டு மாதக்கணக்கில் கிடந்தால் அமிலம் உருவாகும், பிறகு பிசின் மாதிரிப் படியும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பட்டால் இன்னும் வேகமாகக் கெடும். டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கினால் அங்கே நுண்ணுயிர் வளர்ந்து வழவழவென்று கசடு கட்டும். காமன் ரயில் பம்புக்குள் பாகங்களுக்கு நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. அங்கே 1,600, 2,000 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்) என்று அழுத்தம் ஏறும். அந்த இடத்தில் பிசினும் ஈரமும் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு பம்பும் ஒரு செட் இன்ஜெக்டரும் மாற்றினால் ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவரின் பல மாத வருமானம் போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நம் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மட்டுமே. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான மசகுத்தன்மையும் போய்விடுகிறது, அதற்கென்று தனியே மருந்து சேர்க்கிறீர்கள். நல்ல பயோடீசல் ஒன்றிரண்டு சதவீதம் கலந்தாலே அந்த மசகு திரும்பி வந்துவிடும். பம்புக்கு அது நல்லது. தரம் சரியாக இருந்தால் 5 சதவீதக் கலவையை நானே என் வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

பழைய வண்டிகளுக்கு ஒரு முன்னெச்சரிக்கை தேவை. பயோடீசல் நல்ல கரைப்பான். பல வருடங்களாக டேங்கிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் அழுக்கை முதல் சில தடவையிலேயே கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். கலவையில் அளவு கூடக்கூட இது அதிகமாகும். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று ஓட்டுநர் திணறுவார், மெக்கானிக் பம்பைக் கழற்றுவார். வெறும் ஃபில்டர் மாற்றினால் தீர்கிற விஷயம் அது. பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் ஊதி இளகுவதும் உண்டு. புதுக் கலவை வரும் மாவட்டத்தில், பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்தால்கூடப் போதும்.

புது வண்டிகளின் சிக்கல் வேறு. பிஎஸ்-6 வண்டியில் புகைத்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கொஞ்சம் எரிபொருளைக் கூடுதலாகப் பீய்ச்சும். டீசலில் லேசான பகுதிகள் 180 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். பயோடீசல் ஏறக்குறைய முழுவதும் 330 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆகவே அது ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் பட்டு வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. டீசல் கலந்தால் ஆயில் சூட்டில் ஓரளவு ஆவியாகி வெளியேறும், பயோடீசல் அங்கேயே தங்கிவிடும். 5 சதவீதக் கலவையில் இது பெரிதாக இருக்காது. நாளை 20 சதவீதத்துக்குப் போக நினைத்தால், ஆயில் மாற்றும் கிலோமீட்டர் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். வண்டித் தயாரிப்பாளர்களை உட்காரவைத்து இப்போதே பேசுங்கள். பயோடீசல் தந்த கரி குறைந்த சூட்டிலேயே எரிந்துவிடும் என்பது டிபிஎஃப்புக்குச் சாதகம்தான். ஆனால் தயாரிக்கும்போது சரியாகக் கழுவாமல் விட்ட சோடியமும் பொட்டாசியமும் அந்த ஃபில்டரையும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். தரச் சோதனை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மலையேறும் வண்டிகளையும் மறக்க வேண்டாம். பாமாயில் பயோடீசல் 13, 15 டிகிரியிலேயே மங்கி உறையத் தொடங்கும். டிசம்பர் இரவில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர் அதைவிட எவ்வளவோ கீழே இறங்குகிறது. சிறு சதவீதத்தில் ஆபத்து குறைவு. சமவெளிக்கும் மலைக்கும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒரே கலவை என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்.

இனி, எனக்கு அதிகம் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையோரத்தில் 'பயோடீசல்' என்று சொல்லி, பங்கு விலையைவிட லிட்டருக்குப் பல ரூபாய் குறைத்து ஏதோ ஓர் எண்ணெயை விற்கிறார்கள். குஜராத்தில் இது பெரிய பிரச்சினையாகி அரசு சோதனைகள் நடத்திப் பறிமுதல் செய்தது. தமிழ்நாட்டிலும் கைதுச் செய்திகள் வருகின்றன. அந்த எண்ணெயில் பயோடீசல் ஒரு சொட்டுகூட இருக்காது. ஆலைக் கழிவு எண்ணெயும் மலிவான தொழிற்சாலை எண்ணெயும் கலந்தது. அதை ஊற்றிவிட்டு வந்து என் பட்டறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்த ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். "பயோடீசல்னாலே இப்படித்தான் அண்ணே" என்கிறார்கள். நீங்கள் 2030க்குள் கொண்டுவர நினைக்கும் நல்ல எரிபொருளின் பெயரை, அது வருவதற்கு முன்பே இந்த ஆட்கள் கெடுத்துவிட்டார்கள். பயோடீசல் விற்பனைக்கு 2019ல் நீங்களே வழிகாட்டு விதிகள் வெளியிட்டீர்கள். விதி தாளில் இருக்கிறது, சாலையோரத்தில் டிரம்மும் மோட்டாரும் இருக்கின்றன. பிடிபட்டவர் மேல் வழக்குப் போட்டால் மட்டும் போதாது. உண்மையான பயோடீசல் எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும், அதன் தரச் சான்று எது என்று லாரிக்காரருக்குத் தெரிந்தால்தான் போலியை அவரே ஒதுக்குவார்.

பழைய சமையல் எண்ணெயை மீட்டுப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல், பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த யோசனையை மனதார வரவேற்கிறேன். பஜ்ஜிக் கடையிலிருந்து மறுபடி இன்னொரு கடைக்குப் போய் மனிதர் வயிற்றில் இறங்குவதற்குப் பதில் அந்த எண்ணெய் இன்ஜினில் எரியட்டும். ஆனால் பலமுறை கொதித்த எண்ணெயில் அமிலமும் தண்ணீரும் அதிகம். அதிலிருந்து தரமான பயோடீசல் எடுக்கக் கூடுதல் வேலை தேவை, கூடுதல் சோதனையும் தேவை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் 12 முதல் டீசல் பம்பின் மேல் ஒரு சதுரக் கட்டம் ஒட்டுகிறார்கள், அதற்குள் 'பி7' என்றோ 'பி10' என்றோ இருக்கும். 7 சதவீதம் வரை, 10 சதவீதம் வரை என்று அர்த்தம். அதே குறி புது வண்டியின் டேங்க் மூடிப் பக்கத்திலும் இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று படிக்காதவரும் பார்த்துக்கொள்ளலாம். இந்தோனேசியா 2020ல் 30 சதவீதத்துக்கும் 2025ல் 40 சதவீதத்துக்கும் போனது. அங்கே என்ன கலவை என்பது ஊரறிந்த விஷயம், ஓட்டுநர் ஃபில்டரை எப்போது மாற்றுவது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் கேட்பதும் அதைத்தான். ஒவ்வொரு பங்கிலும் டீசல் பம்பின் மேல், பயோடீசல் எத்தனை சதவீதம் என்று அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எந்த எண்ணெயிலிருந்து எடுத்தது என்பதையும் போடுங்கள். சோதனையை டெர்மினலோடு (எண்ணெய் நிறுவனத்தின் கிடங்கோடு) நிறுத்தாமல் பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்தும் மாதிரி எடுத்து, ஈரம், அமில அளவு, ஆக்சிஜனேற்றத் தாங்குதிறன் மூன்றையும் பாருங்கள். முடிவை அந்தப் பங்கிலேயே ஒட்டுங்கள். பெட்ரோல் கேட்டால் அடர்த்தி அளந்து காட்டும் வழக்கம் பங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது, இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் கட்டமாக ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க நினைத்தால் நாமக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இன்லைன் பம்ப் வண்டியிலிருந்து நேற்று வந்த பிஎஸ்-6 வரை எல்லாமே இங்கே ஓடுகின்றன. ஒரே வழித்தடத்தில், ஒரே பாரத்தில், கலவை ஊற்றிய வண்டிகளையும் வெறும் டீசல் வண்டிகளையும் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம். கழற்றும் இன்ஜெக்டர்களை எங்கள் பட்டறை டெஸ்ட் பெஞ்சில் உங்கள் பொறியாளர்கள் முன்னிலையிலேயே அளந்து தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம். வண்டி தருவதற்கு உரிமையாளர்களிடம் பேசுவதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
டீசல் பம்ப் பட்டறைக்காரன் ஒருவன்,
நாமக்கல்